எலும்புக் கட்டி ஆபரேஷனுக்குப் பிறகு முட்டிக்காக நான் போகும் பிசியோதெரபி மையம்

எனக்கு வந்தது ஜெயன்ட் செல் டியூமர். தொடை எலும்பின் கீழ்முனையில், முட்டியை ஒட்டி. 20 முதல் 40 வயதுக்காரர்களுக்கு அதிகம் வரும் கட்டி இது. பெரும்பாலும் புற்றுநோயாக இருக்காது, ஆனால் எலும்பை அரித்துவிடும். சுரண்டி எடுத்துவிட்டு, குழியை எலும்பு சிமென்டால் அடைத்தார்கள். அந்தக் கெட்டி சிமென்டுக்கு மேல் கொஞ்சம் எலும்பு, அதற்கு மேல் குருத்தெலும்பு, அவ்வளவுதான். வருஷம் போகப் போக அது தேய்ந்து மூட்டுவாதம் வரலாம். செக்கப்புக்குப் போனால் கட்டி திரும்பியிருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். முட்டியைப் பற்றி விசாரித்தவர்கள் இந்த மையத்தில்தான் கிடைத்தார்கள்.

முதல் நாள் எந்த மெஷினிலும் ஏற்றவில்லை. ஆபரேஷன் குறிப்பை முழுசாகப் படித்தார் அந்த பிசியோதெரபிஸ்ட் அம்மா. படுத்தபடி எடுத்த எக்ஸ்ரேயைத் தள்ளி வைத்துவிட்டு, நின்றபடி எடுத்தது இருக்கிறதா என்று கேட்டார். உடம்பின் பாரம் இறங்கும்போதுதான் மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது சரியாகத் தெரியுமாம். பிறகு முட்டிச் சில்லுக்கு மேலே பேனாவால் கோடு போட்டு, இரண்டு தொடையையும் டேப்பால் அளந்தார். ஆபரேஷன் செய்த கால் கண்ணுக்கே தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது. முன்தொடைத் தசை இளைத்தால் அதிர்ச்சியெல்லாம் முட்டிக்குத்தான் போகும் என்று அங்கேயே புரியவைத்தார்.

பயிற்சிகள் எளிமையானவைதான். முட்டிக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொல்வார். கால் முழுசாக நீளும் அந்தக் கடைசிக் கொஞ்சத்தில்தான் அவர் கவனமெல்லாம். சில்லின் மேல் விரலை வைத்து தசை இறுகுகிறதா என்று பார்ப்பார். சைக்கிளில் சீட்டை உயர்த்தித்தான் உட்கார வைப்பார், முட்டி ரொம்ப மடங்கக்கூடாது என்பதற்காக.

எனக்கு நம்பிக்கை வந்தது வேறொரு விஷயத்தில். ஒரு தடவை, ராத்திரி சும்மா படுத்திருக்கும்போதும் வலிக்கிறது என்றேன். உடனே பயிற்சியை நிறுத்தி, முதலில் சர்ஜனைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று கடிதம் கொடுத்து அனுப்பினார். நல்லவேளை, கட்டி திரும்பவில்லை.

குறையும் உண்டு. சாயங்காலம் கூட்டம் நெரியும், பயிற்சி மாணவர்கள் கையில் விட்டுவிடுவார்கள். அவர்களுக்கு சிமென்ட் வைத்த முட்டியும் சாதாரண முட்டி வலியும் ஒன்றுதான். குதிக்கிற பயிற்சியைக்கூடச் சொல்லிவிடுகிறார்கள். காலையில் போங்கள், சீனியர்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். செயற்கை மூட்டு பொருத்தியவர்கள் எவ்வளவு மடக்கலாம், எவ்வளவு பாரம் போடலாம் என்று சர்ஜனிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது. அது இல்லாமல் இவர்கள் தொடங்க மாட்டார்கள்.