வேல் பலகைக்கு 24 எல்இடி: பிக்சல் பட்டையா, டிபிஐசி சிப்பா?

தைப்பூசக் காவடிக்கோ தீபாவளிக்கோ டர்பன் கோயில் வாசலில் வேல் வடிவ விளக்குப் பலகை மாட்டினால், மின்வெட்டிலும் அணையாதபடி அதைக் கேட் மோட்டாருக்குப் போடும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஓட்டுவதுதான் வசதி. நிரல் ஓட்டும் சிறு கட்டுப்பாட்டுப் பலகையான அர்டுயினோ ஊனோ ஒன்று, வெள்ளை எல்இடி 24. இரண்டுக்கும் நடுவில் எதை வைப்பது? நான் வைத்தது டிபிஐசி6பி595: ஊனோவின் சில கம்பிகளில் வரும் கட்டளையை வாங்கி, எட்டு வெளியீடுகளைத் தனித்தனியாக ஏற்றி அணைக்கும் சிப்.

ஊனோவின் கால்களிலிருந்து நேரடியாகக் கொடுப்பது இங்கே ஆகாது. அதன் மூளையான ஏடிமெகா328பி சிப்பின் ஒரு காலுக்கு 40 மில்லி ஆம்பியர் உச்ச வரம்பு, சிப் முழுவதற்கும் 200. கால்களும் 24 கிடையாது. டிபிஐசியைப் போலவே எட்டு வெளியீடு தரும் சாதாரண சிப்பான 74ஹெச்சி595 கால் பஞ்சத்தைத் தீர்க்கும். ஆனால் மொத்தம் 70 மில்லி ஆம்பியர்தான் தாங்கும், 12 வோல்டைத் தாங்கவே தாங்காது.

உண்மையான போட்டி டபிள்யூஎஸ்2812பி பிக்சல் பட்டைதான். ஒரே டேட்டா கம்பி, ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம். அழகில் டிபிஐசி இதன் பக்கத்தில் நிற்க முடியாது. முழு வெள்ளையில் பிக்சலுக்குச் சுமார் 60 மில்லி ஆம்பியர், 24-க்கு ஏறக்குறைய 1.4 ஆம்பியர். இதை ஊனோவின் 5 வோல்ட் காலிலிருந்து எடுக்கக் கூடாது. பேட்டரியிலிருந்து 5 வோல்டுக்கு இறக்கும் பக் கன்வெர்ட்டர் தனியாக வேண்டும். டேட்டா கம்பியில் 330 ஓம், பட்டையின் தொடக்கத்தில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி.

என் முடிவைத் தீர்மானித்தது பழுது பார்ப்பது. பிக்சல்கள் டேட்டாவைக் கை மாற்றிக் கை மாற்றித்தான் கொடுக்கும். ஐந்தாவது செத்தால் ஆறிலிருந்து கடைசி வரை இருட்டு. டர்பனின் உப்புக் காற்றில் பட்டையின் இணைப்புகள் பச்சை பூக்கும். ஒரு இணைப்பு போனாலும் அதே கதி. திருவிழா இரவில் பலகையை இறக்கி, பட்டையை வெட்டி, சிறு செம்புத் தடங்களில் சால்டர் வைப்பது லேசான வேலையில்லை.

டிபிஐசியில் எட்டு வெளியீடுகள். ஒவ்வொன்றிலும் மூன்று எல்இடியைத் தொடராக இணைத்து, வரிசைக்கு ஒரு 330 ஓம் போட்டால் ஒரே சிப்பில் 24-ம் முடிந்தது. மூன்று வெள்ளைக்கும் சேர்த்து 9.3 வோல்ட் போகும். 12 வோல்டில் 8 மில்லி ஆம்பியர், சார்ஜரில் 13.8-க்கு ஏறும்போது 14. பலர் 12-க்கு மட்டும் கணக்குப் போட்டு 180 ஓம் வைக்கிறார்கள். சார்ஜர் மாட்டியதும் அது 25-ஐத் தொட்டு எல்இடிகளின் ஆயுளைத் தின்றுவிடும்.

ஒரு வரிசை அணைந்தால் மற்ற ஏழும் எரியும். அணைந்த வரிசையில் ஒவ்வொரு எல்இடியின் இரு கால்களையும் கம்பியால் தொட்டு இணைத்துப் பாருங்கள். எதைத் தொடும்போது மற்ற இரண்டும் எரிகிறதோ, அதுவே செத்தது. ஒன்று மட்டும் இருண்டு மற்ற இரண்டும் கூடுதலாகப் பிரகாசித்தால், இருண்டது உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருக்கிறது. புதியது எந்தக் கடையிலும் கிடைக்கும் சாதாரண 5 மிமீ எல்இடி.

இணைக்கும்போது: சிப்புக்கு 5 வோல்ட், எல்இடி வரிசைகளுக்கு மட்டும் 12. சிப் மின்சாரத்தை உள்ளே இழுக்க மட்டுமே செய்யும். எனவே நேர்முனை பேட்டரிப் பக்கம், எதிர்முனை சிப் பக்கம். 10, 11, 19 மூன்று கிரவுண்ட் கால்களையும் இணையுங்கள். பேட்டரியின் எதிர்முனையும் ஊனோவின் கிரவுண்டும் ஒன்றாக வேண்டும். வெளியீட்டுப் பதிவை அழிக்கும் கிளியர் கால் (8) 5 வோல்டுக்கு. சிப்பின் 5 வோல்ட் காலருகே 0.1 மைக்ரோஃபாரட். எல்லா வெளியீடுகளையும் ஒரேயடியாக ஏற்றி அணைக்கும் 9-ஆவது காலை 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்டுக்கு இழுத்து வையுங்கள். இல்லாவிட்டால் நிரல் ஓடத் தொடங்கும் முன் விளக்குகள் தாறுமாறாக மின்னும். அதே காலில் பிடபிள்யூஎம் (வேகமாக ஏற்றி அணைக்கும் துடிப்பு) கொடுத்து மொத்தப் பலகையையும் மங்கலாக்கலாம். 0 கொடுத்தால் முழு ஒளி. பேட்டரியின் நேர்முனையில் 1 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்: ஷார்ட் ஆனால் அந்தச் சிறு பேட்டரியே கம்பியைப் பழுக்க வைக்கும்.

ஊனோவுக்குப் பதிலாக, 3.3 வோல்டில் ஓடும் இஎஸ்பி32 பலகை வைத்திருப்பவர்களுக்கு: டிபிஐசி 4.25 வோல்டுக்குக் கீழே உள்ளதை உயர்நிலை என்று ஏற்காது. 3.3 வோல்ட் போதாது. நடுவில் அதை 5 வோல்டாக உயர்த்தித் தரும் 74ஹெச்சிடி125 சிப்பை வையுங்கள்.

நான் சொல்வது வெளியே தொங்கும் பலகைக்கு மட்டும். பூஜையறைக்குள் நிறம் மாறும் விளக்கு வேண்டுமென்றால் பிக்சல் பட்டையையே வாங்கலாம். அதிலும் 12 வோல்ட் டபிள்யூஎஸ்2815-க்கு மாற்று டேட்டா கம்பி உண்டு. ஒன்று செத்தாலும் அடுத்தது எரியும். அடுத்தடுத்து இரண்டு செத்தால்தான் மிச்சம் இருட்டும்.