பைத்தானும் சியும் சேரும் இடத்தில் எண் வகைப் பெயர்கள்: நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரச் செம்பனை ஆலைக்கான குலைக் கொள்முதல் கணக்கு இது. கூட்டலும் பெருக்கலும் செய்யும் நிரல் நூலகம் சி மொழியில், ரசீதும் மாத அறிக்கையும் பைத்தானில், நடுவே சி நூலகத்தைப் பைத்தானிலிருந்து அழைக்க உதவும் சிடைப்ஸ். சிடைப்ஸ் இத்தனை காலமும் நம்பகமாக ஓடுகிறது. ஆனால் எண் வகைக்கு வைக்கும் பெயரிலேயே அதன் அகலம், அதாவது எத்தனை பிட் என்பது, இருந்தால்தான்.

மிக மோசமான பெயர் 'லாங்'. 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். சர்வரில் சரியாக வரும் மொத்தம், எடைமேடைக் கணினியில் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் தப்பாக வரும். பணத்தை முழுச் சென்னாக (ஒரு ரிங்கிட்டுக்கு 100 சென்) வைத்தால் 32 பிட்டின் உச்சம் 2,14,74,836 ரிங்கிட் 47 சென். டன் 800 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் சுமார் 26,800 டன். மணிக்கு 60 டன் அரைக்கும் ஆலை, நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால், 23ஆம் நாளில் அதைத் தாண்டிவிடும். மாதக் கடைசியில் மொத்தம் கழித்தல் குறியோடு வருவது இதனால்தான். சி பக்கம் 'இன்ட்64_டி', பைத்தான் பக்கம் 'சி_இன்ட்64', இரண்டுக்கும் 'சென்64' என்று ஒரே மாற்றுப்பெயர். இதைவிடத் தெளிவான ஏற்பாடு இல்லை.

தசம எண்ணுக்கான 'ஃபுளோட்' இன்னொரு பொறி. பைத்தானின் ஃபுளோட், சியில் 64 பிட் 'டபுள்'. பெயர் ஒத்துப்போகிறதே என்று 32 பிட் 'சி_ஃபுளோட்' போட்டுச் சென்னை அதில் வைத்தால், 1,67,772 ரிங்கிட் 16 சென்னுக்கு மேல் ஒவ்வொரு சென்னும் துல்லியமாக நிற்காது.

திருப்பும் மதிப்பின் வகையைச் சொல்லும் 'ரெஸ்டைப்' எழுதாத ஃபங்ஷன் 'இன்ட்' திருப்புவதாகவே சிடைப்ஸ் எடுத்துக்கொள்ளும். டபுள் குப்பையாகும், 64 பிட் பாய்ன்டர் (நினைவக முகவரி) பாதியாக வெட்டுப்படும். உள்ளே அனுப்பும் மதிப்புகளின் வகையைச் சொல்லும் 'ஆர்க்டைப்ஸ்' இல்லாமல் ஃபுளோட் அனுப்பினால் உடனே பிழை எழும், அது நல்லதுதான். ஆனால் அதை எழுதினாலும் முழு எண்ணின் வரம்பைச் சிடைப்ஸ் பார்க்காது: 'சி_இன்ட்8' வகையில் 200 கொடுத்தால் சத்தமில்லாமல் -56 ஆகும். வரம்புச் சோதனையைப் பைத்தான் பக்கமே எழுதிவிடுங்கள்.

பைத்தானின் எண் கணக்கு நூலகமான நம்பை (NumPy) சேர்ந்தால், அதன் எண் வகையைச் சொல்லும் 'டிடைப்' தவறாமல் குறிப்பிடுங்கள். 2024இல் வந்த 2.0 பதிப்புக்கு முன், விண்டோஸில் அதன் இயல்பான முழு எண் 32 பிட்.

ஸ்ட்ரக்ட் (பல மதிப்புகளைச் சேர்த்த சி தொகுப்பு) அனுப்புவதானால், அதன் பைட் அளவான 'சைஸ்ஆஃப்' எண்ணைத் திருப்பும் சின்ன ஃபங்ஷன் ஒன்றைச் சி நூலகத்தில் வையுங்கள். நூலகம் ஏறியதும் அதைச் 'சிடைப்ஸ்.சைஸ்ஆஃப்' தரும் எண்ணோடு ஒப்பிட்டு, ஒரு பைட் வேறுபட்டாலும் நிரலை நிறுத்திவிடுங்கள்.