ஹெட் கஸ்கட் போய்விட்டது என்றார் மெக்கானிக். அடைத்துக் கிடந்தது ரப்பர்த் துண்டு

வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டும் எனது 34 அடிப் படகின் உள்ளிணைப்பு டீசல் எஞ்சினுக்கு, ஆவணி மாதத்தில் 185,000 ரூபாய் கொடுத்து வேலை செய்வித்தேன். மூன்றே வாரத்தில், கரையிலிருந்து ஏறத்தாழ 14 கடல்மைல் தூரத்தில், என்னுடன் தொழில் செய்யும் இரு தம்பிமாரோடும் நிறைந்த ஐஸ் பெட்டியோடும் எஞ்சின் சூடேறி நின்றுபோனோம். வேலை பார்த்தவரின் பெயரை இங்கே எழுதவில்லை. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் படகு வைத்திருக்கும் வேறெவரும் இதே குழியில் விழக்கூடாது என்பதற்காக நடந்ததை விபரமாகப் பதிகிறேன்.

கோளாறு முதலில் சிறியதாகத்தான் தெரிந்தது. எஞ்சினை மெதுவாக ஓட்டினால் வெப்பமானி அசையாது. வேகத்தைக் கூட்டிப் பத்து நிமிடம் ஓடினால் முள் மேலே ஏறும், புகைக்குழாயில் வெளிவரும் தண்ணீர் குறைந்து வெள்ளை ஆவி கிளம்பும், வேகத்தைக் குறைத்தால் முள் மீண்டும் இறங்கும். இதை அப்படியே அந்த மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் மானியைப் பார்த்தார், புகையைப் பார்த்தார், “ஹெட் கஸ்கட் போயிட்டு, கழட்டத்தான் வேணும்” என்றார். ஹெட் கஸ்கட் என்பது எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் வைக்கும் அடைப்புத் தகடு. எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரைக் குளிரவைக்கும் கடல்தண்ணீர் வரும் வழியை அவர் திறந்தே பார்க்கவில்லை.

அன்று எனக்குத் தெரியாமற்போன ஒன்றைச் சொல்கிறேன். ஹெட் கஸ்கட் பழுதானால் பெரும்பாலும் நன்னீர்த் தாங்கியில் குமிழி வரும், அல்லது நன்னீர் குறைந்துகொண்டே போகும், அல்லது எஞ்சின் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுக்கும். என் எஞ்சினில் இவற்றுள் ஒன்றுகூட இருக்கவில்லை. மெதுவாக ஓடுகையில் சூடு குறைவு என்பதால் கொஞ்சத் தண்ணீரே அதைச் சமாளித்துவிடும். வேகம் கூடும்போது சூடு பெருகியும் அதற்கேற்ற தண்ணீர் வந்து சேராவிட்டால்தான் முள் ஏறும். அப்படியானால் படகின் அடியிலுள்ள வால்வு, வடிகட்டி, பம்ப், நன்னீரைக் கடல்தண்ணீர் குளிரவைக்கும் கூலர், புகைக்குழாயின் வளைவான எல்போ என்று தண்ணீர் போகும் வழி முழுவதையும் பார்த்த பிறகே ஹெட்டில் கை வைத்திருக்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றி, லேத் பட்டறைக்கு அனுப்பி, பதினொரு நாள் கழித்துப் பூட்டினார். புது இம்பெல்லர் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இதழ்ச் சக்கரம்), கூலருக்குப் புது நாகத் துண்டு (கூலர் அரிக்காமல் தான் கரையும் துத்தநாகம்), கூலி என்று வாயால் கணக்குச் சொன்னார். கொடுத்த பற்றுச்சீட்டில் “எஞ்சின் வேலை” என்ற இரண்டு சொற்களும் மொத்தத் தொகையும் மட்டுமே இருந்தன. கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டபோது குப்பையில் போட்டாயிற்று என்றார். நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

புரட்டாதியில் கடலில் நின்ற அன்று, எஞ்சின் சூடேறியதை எங்களுக்கு அறிவித்தது ரப்பர் கருகும் மணம்தான். அபாய மணி ஒலிக்கவேயில்லை. பக்கத்தில் வலை வைத்திருந்த படகுக்காரர் எங்களைக் கட்டி இழுத்து வந்தார். அவருக்கு அன்றைய தொழில் போயிற்று, எங்களுக்கு மீன் போயிற்று.

மறுநாள் காலை என் தாய்மாமன் வந்தார். ஆழ்கடல் படகுகளில் நெடுங்காலம் எஞ்சின் பார்த்தவர். “மருமகன், ஒரு பத்து லீற்றர் வாளி எடுங்க” என்றுதான் தொடங்கினார். எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்றில் வைத்துப் புகைக்குழாய்த் தண்ணீரைப் பிடித்தோம். வாளி நிறைய 40 விநாடிக்கு மேல் எடுத்தது. வடிகட்டியின் கண்ணாடி மூடியூடாக நுரை ஓடுவது தெரிந்தது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்ததால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுத்துக்கொண்டிருந்தது.

பிறகு பம்பைத் திறந்தார். “புது” இம்பெல்லர் பளபளவென்று கறுப்பாக இருந்தது. பெருவிரலால் தேய்த்ததும் விரல் கறுத்தது. சப்பாத்துக்குப் பூசும் பொலிஷ். துடைத்தபின் பார்த்தால் ஆறு இதழ்களும் ஒரே பக்கம் வளைந்து இறுகியிருந்தன, ஒவ்வொரு இதழின் அடியிலும் மயிரிழை வெடிப்பு. புது இம்பெல்லரின் இதழ் நேராக நிற்கும், வளைத்து விட்டால் உடனே திரும்பிவிடும். எவருடைய படகிலிருந்தோ கழற்றியதை என் படகில் பூட்டியிருக்கிறார்.

அந்த ஆறு இதழ்களும் உடையாமல் இருந்தும் தண்ணீர் குறைந்ததால், பம்புக்கு அப்பால் அடைப்பு இருக்கலாம் என்று மாமா கூலரின் வாய்க்குழாயைக் கழற்றச் சொன்னார். உள்ளே, மெல்லிய செப்புக் குழாய்களின் வாயை மூடியபடி, இரண்டு ரப்பர் இதழ்கள் கிடந்தன. மூன்றாவது பம்புக்கு அடுத்த வளைவில் சிக்கியிருந்தது. முன்பிருந்த இம்பெல்லரின் இதழ்களாகத்தான் அவை இருக்க முடியும். அதைக் கழற்றியபோதே மூன்று இதழ்கள் இல்லாததை அந்த மெக்கானிக் கண்டிருப்பார். அவை எங்கே போயின என்று தேடாமல் ஹெட்டைக் கழற்றிப் பணம் வாங்கினார். நாகத் துண்டு இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பித்தளை அடைப்பு மட்டும். சூட்டுக்கேற்ப நன்னீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டட்டையும் கழற்றி எறிந்திருந்தார். சில எஞ்சின்களில் அது இல்லாவிட்டால் நன்னீரின் ஒரு பகுதி கூலருக்குப் போகாமலே சுற்றிவந்துவிடும்.

இவை எல்லாவற்றையும் பணத்தோடு போயிற்று என்று விடலாம். அபாய மணியின் வயரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதைக் கழற்றி, நுனியில் கறுப்பு டேப் சுற்றி, மற்ற வயர்களுக்குப் பின்னால் செருகியிருந்தார். சோதனை ஓட்டத்தில் அது ஒலித்திருக்கும். மூன்று பேரின் உயிர் கடலில் இருக்கையில் ஒலிக்க வேண்டிய மணி அது.

புது இம்பெல்லர், வடிகட்டி வளையம், நாகத் துண்டு, தெர்மோஸ்டட், கருகிய குழாய்க்கு மாற்று எல்லாம் பூட்டி, கூலரையும் துப்புரவாக்கியபின், அதே வாளி அதே சுற்றில் 18 விநாடியில் நிறைந்தது. அவரிடம் போய்க் கேட்டேன்; “எஞ்சின் பழசு” என்றார், பணம் தரவில்லை. படங்களுடன் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிட்டிருக்கிறேன். 1977 என்ற இலக்கத்தில் தொடர்புகொள்ளலாம். விபரமில்லாத பற்றுச்சீட்டு அங்கே என் கையைக் கட்டிப்போடுகிறது, ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் விலையோடு எழுதி வாங்குங்கள், பழைய பாகங்களைக் கையில் வாங்குங்கள், இம்பெல்லரின் இதழ்களை எண்ணிப் பாருங்கள்.

அண்மையில் எஞ்சின் வேலை செய்வித்தவர்கள், அடுத்த முறை கடலுக்குப் போகுமுன் சாவியை மட்டும் திருப்பி, அபாய மணிக்குரிய வெப்ப உணரியின் ஒற்றை வயரைக் கழற்றி எஞ்சின் உடம்பில் தொட்டுப் பாருங்கள். ஒற்றை வயர் உணரி உள்ள எஞ்சின்களில் பெரும்பாலும் மணி உடனே ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் டேப் சுற்றிய வயர் எங்காவது கிடக்கிறதா என்று தேடுங்கள்.