கன்டெய்னரா, வெப்அசெம்பிளியா?

ஒரு நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே கட்டாக்கி ஓட்டும் முறைதான் கன்டெய்னர். அதற்கான பிரபலக் கருவி டாக்கர், அந்தக் கட்டின் பெயர் இமேஜ். இன்டெல் மடிக்கணினியில் உருவாக்கிய டாக்கர் இமேஜை, ஆர்ம் சிப்பில் ஓடும் குட்டிக் கணினியான ராஸ்பெர்ரி பையில் ஓட்டிப் பாருங்கள். ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடும். ‘எங்கும் ஓடும்’ என்று சொல்லித்தான் கன்டெய்னரை நம் தலையில் கட்டினார்கள். ஓடும்தான், சிப்பின் வகையும் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கர்னலும் பொருந்தினால். கன்டெய்னர் தனிக் கணினி அல்ல. நேம்ஸ்பேஸ், சிகுரூப் ஆகிய லினக்ஸ் வசதிகளால் வேலி போட்ட ஒரு புராசஸ், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல். இருவகைச் சிப்புக்கும் தனித்தனி இமேஜ் உருவாக்கி ஒரே பெயரில் வைக்கலாம். ஆனால் இன்டெல் கணினியில் க்யூஎமு என்ற போலிச் சிப் மென்பொருள் வழியாக ஆர்ம் இமேஜ் உருவாக்கியவர்களுக்குத் தெரியும், அது முடிவதற்குள் காப்பி போட்டுக் குடித்துவிட்டே வரலாம்.

வெப்அசெம்பிளி இந்த முடிச்சை வேறு இடத்தில் அவிழ்க்கிறது. ரஸ்டிலோ சி மொழியிலோ எழுதியது, எந்தச் சிப்புக்கும் சொந்தமில்லாத இடைநிலைக் குறியீடாக, அதாவது பைட்கோடாக மாறுகிறது. வாஸ்ம்டைம் போன்ற இயக்கி அதை அந்தந்தச் சிப்புக்கு ஏற்ப மாற்றி ஓட்டுகிறது. பிரவுசருக்காகப் பிறந்த இது, 2019-ல் வாஸி வந்ததும் சர்வருக்குள் நுழைந்தது. கோப்பு, பிணையம் போன்ற கணினி வசதிகளை வெப்அசெம்பிளி நிரல் கேட்டுப் பெறும் இடைமுகம்தான் வாஸி. வெப்அசெம்பிளியும் வாஸியும் 2008-லேயே இருந்திருந்தால் டாக்கரை உருவாக்கும் தேவையே வந்திருக்காது என்று டாக்கரைத் தொடங்கிய சாலமன் ஹைக்ஸ் 2019-ல் எழுதினார். பலர் அதைக் கன்டெய்னருக்கான இரங்கற்பாவாகப் படித்தார்கள். கன்டெய்னரும் வெப்அசெம்பிளியும் அருகருகே ஓடும் என்பதே தம் எண்ணம் என்று அவரே விளக்க வேண்டியதாயிற்று.

எனக்குப் பிடித்தது வாஸியின் கஞ்சத்தனம். வாஸ்ம்டைமில் ஒரு நிரலை ஓட்டினால், பக்கத்தில் கிடக்கும் கோப்பைக்கூட அதனால் திறக்க முடியாது. எந்த அடைவைத் தொடலாம் என்று நாம் கட்டளையிலேயே சொல்ல வேண்டும். டாக்கரோ, வேறு பயனரைக் குறிப்பிடாத வரை உள்ளே முழு அதிகாரமுள்ள ரூட் பயனராகவே ஓட்டுகிறது, பிணையத்தையும் கேளாமலே திறந்துவிடுகிறது.

அளவில் ஒப்பிடவே வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட்.ஜேஎஸ்-இன் முழு இமேஜை விரித்தால் ஒரு ஜிபியைத் தொடும். ரஸ்டில் எழுதிய சிறு வாஸ்ம் (வெப்அசெம்பிளியின் சுருக்கப் பெயர்) கோப்பு சில எம்பிக்குள் அடங்கிவிடும்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் முதன்மைச் சேவைகளைக் கன்டெய்னரில்தான் வைப்பேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், ஜாவா, பத்தாண்டுப் பழைய பைத்தான் நூலகம் எல்லாம் அங்கே மாற்றமின்றி ஓடும். வாஸியின் தரை இன்னும் இறுகவில்லை. பிணைய இணைப்புக்கான சாக்கெட்டுக்கு முறையான இடைமுகமே 2024 ஜனவரியில் வந்த 0.2 பதிப்பில்தான் கிடைத்தது. ஒரே நிரலில் பல வேலைகளை இணையாக ஓட்டும் திரெட் பக்கம் போனால் இன்றும் தடுமாற்றம்தான். ரஸ்டில் ‘வாஸ்ம்32-வாஸி’ என்ற இலக்கின் பெயரே மாறிவிட்டதால், பழைய பில்ட் ஸ்கிரிப்டைப் புதிய கம்பைலரிடம் கொடுத்தால் அது திகைத்து நிற்கிறது.

வாடிக்கையாளர் எழுதித் தரும் நிரலை நம் சர்வருக்குள் ஓட்ட வேண்டுமென்றால் மட்டும் தயங்காமல் வெப்அசெம்பிளியை எடுப்பேன், நாம் கொடுக்காத எதையும் அந்த நிரலால் தொட முடியாது என்பதால். சர்வர்களுக்கு முன் நின்று போக்குவரத்தைக் கடத்தும் என்வாய் பிராக்ஸி தன் வடிப்பான்களுக்கு அதை ஏற்பதற்கும் இது ஒரு காரணம். வெப்அசெம்பிளிக்காகத் தனிக் கிளஸ்டர் (சர்வர்களின் கூட்டம்) வேண்டியதில்லை. கன்டெய்னர்களை ஓட்டும் கன்டெய்னர்டிக்கு, வாஸ்மையும் ஓட்டவைக்கும் ரன்வாஸி என்ற இணைப்பு இருக்கிறது. கிளஸ்டரின் ஒரு சர்வரில் (நோடில்) அதை நிறுவிவிட்டால், கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸின் பாடில் (ஒன்றாக ஓடும் கன்டெய்னர்களின் அலகில்) எந்த இயக்கி வேண்டும் என்று சொல்லும் ரன்டைம்கிளாஸ் பெயரைக் குறிப்பிட்டு வாஸ்மை ஓட்டலாம், பக்கத்திலேயே போஸ்ட்கிரெஸும் ஓடிக்கொண்டிருக்கும்.