உடனே பேசுவதா, ஒரு வாரம் கழித்தா?

இதயம் நின்ற நோயாளிக்கு சி.பி.ஆர். (மார்பை அழுத்தி உயிர்காக்கும் சிகிச்சை) கொடுத்து முடித்த மருத்துவக் குழு, நடந்ததை எப்போது அலசுவது?

நேரம்
உடனே: கையுறையைக் கழற்றிய கையோடு, நின்றபடியே 5, 10 நிமிடம்.
பிறகு: ஒரு வாரம் கழித்து, ஒரு மணி நேரம். எல்லோருடைய ஷிப்டும் ஒத்துவருவதுதான் பெரும்பாடு.

துல்லியம்
உடனே: "அட்ரினலின் போடுங்கன்னேன், யார் போடணும்னு சொல்லல" என்பது அப்போதுதான் வெளிவரும்.
பிறகு: டீஃபிபிரிலேட்டர் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி) பதிவு கையில் இருக்கும். மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தினோமா, நடுவில் எத்தனை நொடி கை நின்றது என்று காட்டிவிடும். இதில் நினைவை நம்பவே கூடாது.

மனநிலை
நோயாளி இறந்திருந்தால் குழுவினரை முதலில் தண்ணீர் குடிக்க விடுங்கள், சரியா?

ட்ராலியில் மருந்து இல்லை, பேச்சு குழம்பியது என்றால் உடனே. அழுத்தும் வேகம், இடைவெளி என்றால் பதிவோடு பிறகு. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால், நான் முதலாவதையே எடுப்பேன்.