‘பவர் ஐசி போய்விட்டது’ என்று சொல்லும் லேப்டாப் கடைகளிடம் எச்சரிக்கை

சார்ஜரைக் கழற்றியதும் உங்கள் பழைய லேப்டாப் ஊர ஆரம்பிக்கிறதா? அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். செய்யாத வேலைக்கும் மாற்றாத பொருளுக்கும் சேர்த்து என் அக்காவிடம் 8,700 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்.

அக்கா சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுக்கிறார். 2014இல் வாங்கிய லேப்டாப்; நான்காம் தலைமுறை ஐ5. சார்ஜரோடு இருக்கும்வரை அந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் எங்கள் ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்குப் போகும் மின்சாரம் மாலையில்தான் வரும். 3பி படிவத்துக்குக் கடைசித் தேதியான 20க்கு முன்னால் அப்படி ஒரு நாள் வந்துவிட்டால் பேட்டரிதான் கதி. அப்போதுதான் பிரச்சினை தெரிந்தது. பேட்டரியில் ஓடும்போது ஒரு எக்செல் கோப்பு திறப்பதற்குள் பொறுமை போய்விடும். சார்ஜரைச் செருகினால் உடனே பழைய வேகம்.

கடைக்காரர் திறந்தும் பார்க்காமல் சொன்னாராம்: “அக்கா, மதர்போர்டில் பவர் ஐசி போய்விட்டது. இப்போதே மாற்றாவிட்டால் போர்டே எரிந்துவிடும்.” பவர் ஐசி என்பது போர்டில் மின்சாரத்தைப் பகிரும் சில்லு. ஐசிக்கு 5,800, ‘ஒரிஜினல்’ பேட்டரிக்கு 2,900. வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே ஆமை வேகம். திரும்பப் போய்க் கேட்டதற்கு, “விண்டோஸ் 10க்கு ஆதரவே முடிந்துவிட்டது, இதில் 11 ஏறாது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதிது எடுங்கள்” என்றிருக்கிறார். ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது உண்மை. நான்காம் தலைமுறைச் சில்லை விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்காததும் உண்மை. ஆனால் இரண்டுக்கும் பேட்டரியில் வேகம் குறைவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒரு பொய்யை நம்பவைக்க இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அந்த வார இறுதியில் லேப்டாப்பை நான் வாங்கிப் பார்த்தேன். முதலில் பார்க்க வேண்டியது விண்டோஸின் மின் அமைப்பு (பவர் ஆப்ஷன்ஸ்). பேட்டரியில் ஓடும்போது பிராசசரின் உச்ச அளவு எத்தனை சதவீதம் என்று அதில் ஒரு எண் இருக்கும். பேட்டரி அதிக நேரம் நீடிக்க வேண்டும் என்று லேப்டாப் நிறுவனத்தின் மென்பொருளே அதைக் குறைத்து வைத்திருப்பதுண்டு. பலருக்கு அதை 100க்கு ஏற்றினாலே விஷயம் முடிந்துவிடும், ஒரு பைசா செலவில்லை. அக்காவுடையதில் 100தான் இருந்தது.

அடுத்து டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிராசசர் வேகத்தைப் பார்த்தபடியே சார்ஜரைப் பிடுங்கினேன். 2.5 கிகாஹெர்ட்ஸில் நின்ற எண் ஓரிரு நொடியில் 0.79க்கு விழுந்தது, எத்தனை வேலை கொடுத்தாலும் அங்கிருந்து அசையவில்லை. அந்தத் தலைமுறைச் சில்லின் அடிமட்ட வேகமே ஏறக்குறைய அதுதான். பிறகு லேப்டாப்பை அணைத்து, பேட்டரியைக் கழற்றிவிட்டு, வெறும் சார்ஜரில் ஓட்டினேன். முழு வேகம். போர்டில் மின்சாரம் பகிரும் பகுதி பழுதாகியிருந்தால் இப்படி ஓடுமா? (எல்லா மாடலுக்கும் இந்தச் சோதனை பொருந்தாது. ஆப்பிளின் பழைய மேக்புக்குகள் சில, பேட்டரி இல்லாவிட்டால் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்ட லேப்டாப்பில் நீங்களாகக் கழற்றவும் வேண்டாம்.)

காரணம் பேட்டரிதான். லித்தியம் அயனி செல்கள் மூப்படைய மூப்படைய அவற்றின் உள்மின்தடை கூடும். பிராசசர் திடீரென்று அதிக மின்சாரம் இழுக்கும்போது வோல்டேஜ் சட்டென்று சரியும். அப்படியே விட்டால் லேப்டாப் அணைந்துபோகும். அதனால் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பிராசசரை அடிமட்ட வேகத்தில் பிடித்து வைக்கிறது. சதவீதக் கணக்கில் பேட்டரி நிறைந்திருப்பதாகக் காட்டினாலும் இது நடக்கும்.

அப்படியானால் 2,900 ரூபாய்க்குப் போட்ட புது பேட்டரி என்ன ஆயிற்று? விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி இருக்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் பவர்சிஎஃப்ஜி என்று தட்டி, இடைவெளி விட்டு, ஒரு சாய்கோடும் பேட்டரிரிப்போர்ட் என்ற சொல்லும் சேர்த்துத் தட்டினால் (எல்லாம் ஆங்கில எழுத்தில்) ஒரு கோப்பு உருவாகும். அதில் பேட்டரி புதிதாக இருந்தபோது எவ்வளவு கொள்ளும், இப்போது எவ்வளவு கொள்கிறது என்பது தேதிவாரியாகப் பட்டியலாக இருக்கும். அக்காவுடையது 48,840 மில்லிவாட் மணி கொள்ள வேண்டிய பேட்டரி. கடைக்குப் போவதற்கு முந்தைய வாரத்தில் 17,316. வந்த பிறகான வாரத்தில் 17,205. புது பேட்டரி போட்டிருந்தால் அந்த எண் எகிறியிருக்க வேண்டும். பேட்டரியைக் கையில் எடுத்து, பளபளவென்றிருந்த ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் மங்கிய பழைய ஸ்டிக்கர், அதே வரிசை எண்ணோடு.

ஐசி கதையும் அதே லட்சணம்தான். லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஒரு திருகாணியின் மேல் நிறுவனம் ஒட்டிய வட்டக் காகித முத்திரை இருக்கிறது. அதைக் கிழிக்காமல் அடிமூடியைத் திறக்க முடியாது. முத்திரையில் ஒரு கீறல்கூட இல்லை. திறக்காத லேப்டாப்பில் எந்த ஐசியை மாற்றினார்கள்? மாதக் கடைசியில் எண்ணி எண்ணிச் செலவு செய்யும் ஒருவரிடம் இதைச் செய்ய எப்படி மனம் வந்தது என்று இன்னும் எனக்கு ஆறவில்லை.

வேறொரு கடையில் 2,200 ரூபாய்க்கு அந்த மாடலுக்குப் பொருந்தும் பேட்டரி வாங்கினோம். இந்தியாவில் விற்கும் லேப்டாப் பேட்டரிக்கு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவு கட்டாயம். ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் பேட்டரி மேலேயே அச்சிடப்பட்டிருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்தப் பதிவு எண்ணைக் கொடுத்தால் அது யாருடையது என்று காட்டும். கடையிலேயே நின்று பாருங்கள். தயங்குகிற கடைக்காரரிடம் வாங்காதீர்கள். தயாரித்த மாதத்தையும் பாருங்கள், பெட்டியில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பேட்டரியும் மூப்படைந்ததுதான். இப்போது சார்ஜர் இல்லாமல் வேலை கொடுத்தாலும் அக்காவின் லேப்டாப் 2.3 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது பேட்டரியையும் அதன் வரிசை எண்ணையும் அடிப்பக்கத் திருகாணிகளையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். என்ன மாற்றினார்கள் என்று எழுதிய பில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். அக்காவிடம் இருப்பது ‘சர்வீஸ்’ என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. நல்லவேளையாகத் தேதியும் தொகையும் கடையின் முத்திரையும் அதில் இருக்கின்றன.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்த பிறகு பேட்டரிப் பணத்தை மட்டும் கடைக்காரர் திருப்பிக் கொடுத்தார். ஐசிக்கு வாங்கிய 5,800ஐத் தர முடியாது என்கிறார். அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனு போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது. நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். துண்டுச் சீட்டு, பேட்டரி அறிக்கை, இரட்டை ஸ்டிக்கரின் படம், கிழியாத முத்திரையின் படம் ஆகிய நான்கையும் இணைக்கிறோம். ‘பவர் ஐசி’ என்று சொல்லி உங்களிடமும் யாராவது பணம் வாங்கியிருந்தால், முதலில் லேப்டாப்பைக் கவிழ்த்து அந்த முத்திரையைப் பாருங்கள்.