காற்று ஆப்புக்குப் பணம் கட்டலாமா? தூத்துக்குடிக் கடலில் சில வருஷ அனுபவம்

காற்றைக் கணித்துச் சொல்லும் போன் ஆப்பின் சந்தா பாதி விலைக்கு வந்திருக்கிறது என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "மச்சான், நீதான் ரொம்ப நாளா வச்சிருக்கியே, கட்டலாமா?" என்று வேம்பாரில் இருக்கும் நண்பன் கேட்டான். அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுவிட்டது. இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டிருப்பதால் எல்லோருக்கும் பொதுவாகவே போடுகிறேன். ஆப்பின் பெயர் வேண்டாம். நிறம் நிறமாகக் காற்று ஓடும் வரைபடம், மணிவாரியாக நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) கணக்கு, வானிலையைக் கணக்கிடும் கணினி மாடலை மாற்றிப் பார்க்கும் வசதி, இதெல்லாம் உள்ள வகை. கடலுக்குப் போகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

திரேஸ்புரத்திலிருந்து ஃபைபர் படகில் நானும் சித்தப்பாவும் தூண்டிலுக்குப் போவோம். சின்ன அவுட்போர்டு எஞ்சின். பத்து நாட் காற்றுக்கும் பதினாறு நாட் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய விசைப்படகுக்குப் பெரிதாகத் தெரியாது, எங்களுக்கு அதுதான் எல்லாம். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கமாக ஏறும். பத்திலிருந்து பதினைந்துக்குப் போனால் தள்ளுகிற விசை இரண்டே கால் மடங்கு. ஆப்பில் அது பச்சையிலிருந்து இளமஞ்சளுக்கு ஒரு நிற மாற்றம், அவ்வளவுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. காற்று எத்தனை மணிக்குத் திரும்பும் என்று சொல்வதில் நான் பார்த்த எந்த ஆப்பும் இதற்குப் பக்கத்தில் வராது. பங்குனி, சித்திரையில் விடிகாலை கரைக்காற்று லேசாக இருக்கும், வெயில் ஏற ஏறச் செத்துப்போகும், அப்புறம் கடலிலிருந்து கொண்டல் எழும்பும். எழும்பும் நேரத்தை அரைமணி முன்னே பின்னே சரியாகச் சொல்லிவிடுகிறது. வேகத்தில் இரண்டு மூன்று நாட் பிசகும், ஆனால் நேரத்தில் அநேகமாகப் பிசகாது. மார்கழி, தை வாடைக்கு இன்னும் நம்பிக்கை. வங்காள விரிகுடா முழுக்க ஒரே சீராக அடிக்கும் காற்று அது. மாடலுக்குப் பிடிபடுவதும் சுலபம், இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே நம்பித் தொழிலைத் திட்டமிடலாம். கருக்கலில் மேகத்தைப் பார்த்தே முடிவெடுத்த சித்தப்பா இப்போது, "ஏல, எத்தன மணிக்குத் திரும்பும்னு போட்டிருக்கான், பாரு" என்று என்னிடம் கேட்கிறார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு கேள்வி வருவது லேசான விஷயமில்லை.

ஆனி முதல் ஆவணி வரை கதை வேறு. தூத்துக்குடிக் கரை கிழக்கே பார்த்தது, அப்போது அடிக்கும் கச்சான் மேற்கிலிருந்து, கரை மேலிருந்து வருகிறது. அதனால் கரையோரம் அலையே எழும்பாது. ஓடுவதற்குத் தண்ணீர் கிடைக்கக் கிடைக்கத்தான் காற்று அலையை வளர்க்கும். கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். வான் தீவைத் தாண்டி வெளியே போகப் போக அலைத்தலை வெள்ளையாக உடைவது தெரியும். திரும்பி வருவதும் அந்தக் காற்றுக்கு எதிராகத்தான். இதில் ஆப் செய்யும் ஒரு தவறு எனக்கு ஓரளவு புரிகிறது. மாடல் நிலத்தையும் கடலையும் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்குப் போடும். ஐரோப்பிய மாடலின் கட்டம் 9 கி.மீ., அமெரிக்க ஜிஎஃப்எஸ் நமக்குக் கிடைப்பது கால் பாகைக் கட்டத்தில், அதாவது 28 கி.மீ. அளவில். கரையோரக் கட்டத்தில் பாதி நிலம், பாதி கடல். நிலத்தின் மரமும் கட்டடமும் காற்றை மட்டுப்படுத்தும் கணக்கு அதில் சேர்ந்து எண் குறைந்துவிடுகிறது. இதில் ஆரல்வாய்மொழிக் கணவாய் போன்ற இடைவெளிகள் வழியாகப் பிதுங்கி மன்னார் வளைகுடாவில் இறங்கும் காற்றும் இருக்கிறது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான காற்று. பெரிய கட்டம் போட்ட மாடலின் கண்ணில் கணவாயே படாது. அதனால் இந்த மாதங்களில் குறியை ஊர்ப் பெயரில் வைக்காமல் தூண்டில் போடும் இடத்திலேயே வைத்துப் பாருங்கள். இரண்டு மாடலும் மூன்று நாட் வித்தியாசத்துக்குள் ஒத்துப்போனால் நம்பலாம். ஒன்று பத்து, இன்னொன்று பதினெட்டு என்றால் நடுவில் பதினாலு என்று எடுக்கவே கூடாது. பதினெட்டு என்று வைத்துக்கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். நம் வானிலைத் துறைக்கு 2025 மே மாதம் 6 கி.மீ. கட்டத்தில் பாரத் முன்கணிப்பு அமைப்பு வந்திருக்கிறது. இந்த ஆப்பில் அதைக் காணோம்.

இதுவரை சொன்னது எந்த ஆப்புக்கும் பொருந்தும் குறை, அதற்காகக் கோபப்பட ஒன்றுமில்லை. எனக்கு இத்தனை வருஷமாக ஆறாத கோபம் வேறு ஒன்றின் மேல்.

ஒரு கணிப்பை நம்பலாமா என்று பார்க்க முதல் கேள்வி, அது எத்தனை மணி வானத்தை வைத்துப் போட்ட கணக்கு என்பது. ஐரோப்பிய மாடலின் முக்கியமான ஓட்டம், அதாவது புதிதாகக் கணக்குப் போடுவது, நாளைக்கு இரண்டு தடவை, நம் நேரப்படி காலை 5.30, மாலை 5.30. ஜிஎஃப்எஸ் நாலு தடவை. கணக்கு முடிந்து நம் கைக்கு வரப் பல மணி நேரம் ஆகும். ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்கும்போது நீங்கள் பார்ப்பது அன்று காலை அல்லது முற்பகல் வானம். ஐரோப்பிய மாடலின் மாலை ஓட்டம் நள்ளிரவை ஒட்டித்தான் வந்துசேரும். மூன்று மணிக்கு எழும்பிப் பார்த்தால் அதுதான் இருக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்தான் சூட்சுமம். ஒன்பது மணிக்கு 11 நாட் என்றது, மூன்று மணிக்கும் 11 என்றால் அந்த எண்ணுக்கு எலும்பு இருக்கிறது என்று அர்த்தம். 11 என்றது 14 ஆகி, அதற்கு முந்தின ஓட்டத்தில் 9 ஆக இருந்திருந்தால், மாடல் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. கடலில் அது 14-ல் நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை கிடையாது.

இவ்வளவு முக்கியமான அந்த நேரத்தை இந்த ஆப் எங்கே வைத்திருக்கிறது தெரியுமா? கீழே வலது ஓரத்தில் ஒரு சின்ன வட்டம். அதைத் தொட்டால் ஒரு பக்கம் திறக்கும். அதில் மாடல் பெயரைத் தொட்டால் இன்னொரு பக்கம். அங்கே சாம்பல் பின்னணியில் சாம்பல் எழுத்தில் ஒரு வரி, அதுவும் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். விடிகாலை மூன்று மணிக்கு, கரையில், ஈரக்கையோடு, வெளிச்சம் குறைத்து வைத்த போனில் இதைச் செய்து பாருங்கள். ஈர விரல் பட்டால் வரைபடம் இழுபடும், வட்டம் அமுங்காது. பால் பாக்கெட்டில்கூடத் தேதி போட்டிருக்கிறார்கள். இலவசப் பதிப்பைவிட அடிக்கடி புதுப்பிப்போம் என்று சொல்லித்தான் காசு வாங்குகிறார்கள். எப்போது புதுப்பித்தார்கள் என்பதை மட்டும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதைவிட மோசம், சிக்னல் போன பிறகு நடப்பது. வெளியே போகப் போக நெட் அறுந்துவிடும், அது யாருக்கும் தெரிந்ததுதான். அப்போது ஆப் கடைசியாகச் சேமித்து வைத்த பக்கத்தைக் காட்டும். காட்டட்டும், அதில் தப்பில்லை. ஆனால் அது பழசு என்பதற்கு ஓர் அடையாளமும் இருக்காது. அதே பளிச்சென்ற பச்சை, அதே நகரும் கோடுகள், "இப்போது" என்ற அதே தலைப்பு. ஓர் ஆடி மாதம் நல்ல விளமீன் பட்டுக்கொண்டிருந்தபோது திரையில் 12 என்றே நின்றது. கரையில் இருந்தவர்கள் போனில் புதிய ஓட்டம் 19 என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எங்களுக்கு அது தெரிய வழியே இல்லை. திரும்பும்போது கச்சான் நேரே முகத்தில். படகின் முன்முனையான அணியம் ஒவ்வொரு அலையிலும் ஏறி இறங்க, நான் எஞ்சினைப் பிடித்துக்கொள்ள, சித்தப்பா பாதி வழி தண்ணீர் இறைத்துக்கொண்டே வந்தார். கரை பிடித்ததும் போனில் நெட் வந்து, எண் 12-லிருந்து 19-க்குக் குதித்ததை இரண்டு பேரும் பார்த்தோம். இதை எழுதி அனுப்பினேன். "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது. அதற்குப் பின் எத்தனையோ புதுப் பதிப்பு வந்துவிட்டது. நிறம் மாறியிருக்கிறது, பொத்தான் வடிவம் மாறியிருக்கிறது, அந்தச் சாம்பல் வரி மட்டும் அதே இடத்தில் கிடக்கிறது.

நம் கரையில் இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்தவர்களுக்குக் கரையில் சொன்ன எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குமரி மாவட்டத்தில் அந்த வலி இன்னும் ஆறவில்லை. அதன் பிறகு 2019-ல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி இறக்கும் ஜெமினி கருவியை அரசு கொண்டுவந்தது, போன் சிக்னல் எட்டாத இடத்துக்கும் எச்சரிக்கை போக வேண்டும் என்றுதான். அரசுக்கே புரிந்த விஷயம், கடலோடிகளுக்கு என்றே ஆப் செய்து காசு வாங்குகிறவர்களுக்குப் புரியாமல் போகக் கூடாது.

ஆப்பை மட்டும் பார்த்துவிட்டு யாரும் இறங்காதீர்கள். ஹைதராபாத்தில் இருக்கும் அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தினமும் தரும் கடல்நிலை அறிக்கையைச் சேர்த்துப் பாருங்கள், காசு கிடையாது. அதில் வரும் அலை உயரம் என்பது எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. தனி அலை ஒன்று அதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரை எழும்பக்கூடும். கள்ளக்கடல் என்கிற திடீர்ப் பேரலை வருகிற அன்று காற்று ஆப்பில் ஐந்து நாட் என்று பச்சையாகத்தான் இருக்கும். அந்த அலை எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் அடித்த காற்றில் பிறந்து இங்கே வருவது. அதை இன்காய்ஸ் எச்சரிக்கையில்தான் பார்க்க முடியும். வானிலைத் துறையின் மீனவர் எச்சரிக்கை கி.மீ. கணக்கில் வரும். "45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65" என்றால் நாட் கணக்கில் 24 முதல் 30, இடையிடையே 35. எங்கள் அளவுப் படகு அன்று கரையில்தான் கிடக்க வேண்டும். ஐப்பசி சாயங்கால இடிமேகத்தின் அடியில் திடீரென்று இறங்கும் காற்றை எந்த மாடலின் எண்ணையும் வைத்து நம்பாதீர்கள். அதற்கு மின்னல் எச்சரிக்கை தரும் தாமினி ஆப்பும் மேற்கு வானமும்தான்.

இத்தனை நாள் கூடவே வைத்திருக்கிறேன், காற்று திரும்பும் நேரத்தில் என்னை ஏமாற்றியதே இல்லை என்றே சொல்லலாம். வாடை மாசத்தில் இதைப் பார்க்காமல் நான் டீசல் போட்டதில்லை. இருந்தும் நண்பனுக்கு என் பதில்: பாதி விலை என்றாலும் கட்டாதே. இலவசப் பதிப்பிலேயே இரண்டு மாடலும் இருக்கிறது. ராத்திரி ஒன்பதுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள், நேரம் அதிலேயே பதிந்திருக்கும். கடலில் திறந்து பார்ப்பதானால் அந்தப் படத்தைப் பார், ஆப்பைத் திறக்காதே. மிச்சப்பட்ட காசுக்கு நல்ல லைஃப் ஜாக்கெட் வாங்கு. நானும் இந்த வருஷம் புதுப்பிக்கப் போவதில்லை.

ஆப் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் கேட்பது இவ்வளவுதான். காற்றின் எண்ணுக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில், இந்திய நேரத்தில், "நேற்று மாலை 5.30 கணக்கு" என்று ஒரு வரி போடுங்கள். நெட் இல்லாத இடத்தில் அது சிவப்பாக மாறட்டும், "இப்போது" என்ற சொல் மறையட்டும். அதைச் செய்த மாசமே தள்ளுபடி எதுவும் கேட்காமல் முழு விலையைக் கட்டுகிறேன். சித்தப்பா போனிலும் சேர்த்து.